முன்னறிவிப்பில் 1 மீட்டர், கடலில் தலைக்கு மேல்: ஸ்வெல், ஓதம், காற்றை எந்த வரிசையில் படிப்பது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒரு நாள் சர்ஃபிங் முன்னறிவிப்புச் செயலியில் 1.5 மீட்டர் உயரம், அலைக்கும் அலைக்கும் இடையே 6 நொடி, கடலிலிருந்து 14 நாட் (மணிக்கு 26 கிலோமீட்டர்) காற்று என்று இருந்தது. நல்ல அலை கிடைக்கும் என்று போனால் வெறும் நுரையும் குழப்பமும். இன்னொரு நாள் 1 மீட்டர், 15 நொடி, காற்று இல்லை என்று இருந்தது. சின்ன அலைதானே என்று இறங்கினால் தலைக்கு மேல் சுவர்போல் எழுந்து வந்தது. அதுவும் மூன்று மணி நேரத்தில் எங்கேயோ காணாமல் போனது. ஸ்வெல் (தொலைவுப் புயலில் பிறந்து ஓடிவரும் அலை), ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது), காற்று மூன்றில் எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களைத் தடுமாற வைத்தது மீட்டர் என்ற அந்த எண். செயலி அதை எவ்வளவு பெரிய எழுத்தில் காட்டினாலும், படிக்கும் வரிசையில் நான் அதை மூன்றாவதாகத்தான் வைப்பேன்: முதலில் நொடி, பிறகு திசை, அப்புறம் உயரம். ஓதமும் காற்றும் அந்த மூன்றும் தேறிய பிறகே கணக்கில் வரும்.

அந்த மீட்டர் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கரைக்கு வெளியே, ஆழமான நீரில் இருக்கும் அலையின் உயரம் அது. கரையில் உடையும் அலையை அது நேரடியாகச் சொல்வதில்லை. எல்லா அலைகளின் சராசரியும் கிடையாது. வருகிற அலைகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் வரும் எண் அது. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கடற்கரையில் இறக்க அலை முன்னறிவிப்பு தேவைப்பட்டபோது வால்டர் மங்க், ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் என்ற இரு கடலியலாளர்கள் கொண்டுவந்த அளவு. பழகிய கண் கடலைப் பார்த்து ‘இவ்வளவு இருக்கும்’ என்று சொல்லும் உயரத்தோடு அது ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆகவே 1 மீட்டர் என்றால் பெரும்பாலான அலைகள் அதைவிடச் சிறியவை. சில மணி நேரம் காத்திருந்தால் கிட்டத்தட்ட 2 மீட்டர் அலை ஒன்று வருவதும் இயல்பு. முன்னறிவிப்பு பொய்த்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அந்த எண்ணுக்குள் இன்னொரு ஒளிவுமறைவும் உண்டு. கடலில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைத்தொகுதிகள் வெவ்வேறு திசையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் உயரங்களைச் சேர்க்கும்போது கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பார்கள். பக்கத்துக் காற்றில் பிறந்த 1.6 மீட்டர் அலையும், தொலைவிலிருந்து வரும் 0.8 மீட்டர் அலையும் சேர்ந்தால் செயலி 1.8 மீட்டர் என்றுதான் காட்டும். அந்த 0.8 மீட்டர்தான் 15 நொடி ஸ்வெல்லாக இருக்கலாம், நீங்கள் சறுக்கப்போகும் அலையும் அதுவாகவே இருக்கலாம். மொத்த உயரத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. ஆகவே ‘முதல் ஸ்வெல், இரண்டாம் ஸ்வெல், காற்றலை’ என்று பிரித்துக் காட்டும் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான சேவைகளில் அது உண்டு. இரண்டு தட்டல் உள்ளே இருக்கும்.

இனி நொடி. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்குள் கழியும் நேரம். சர்ஃபர்கள் பீரியட் என்பது இதைத்தான். காற்று நீரின் மேல் வீசும்போது முதலில் சிறு சுருக்கங்கள் எழும். காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் வீசுகிறது, எத்தனை கிலோமீட்டர் நீர்ப்பரப்பின் மேல் தடையில்லாமல் வீசுகிறது என்ற மூன்றும் கூடக்கூட அலைகள் உயரமாவதோடு நீளமாகவும் ஆகும். புயலை விட்டு வெளியே வந்த பிறகு சிறு அலைகள் வழியிலேயே அடங்கிவிட, நீண்டவை மட்டும் ஒழுங்குபட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அந்த ஓட்டத்துக்குத்தான் ஸ்வெல் என்று பெயர். உங்கள் 6 நொடி அலை அன்றைக்கு அங்கேயே பிறந்த காற்றலை. ஸ்வெல் என்று அதைச் சொல்வதே மிகை. 12 நொடிக்கு மேல் என்றால் எங்கோ தொலைவில் ஒரு பெரிய புயல் உழைத்திருக்கிறது என்று கொள்ளலாம். நடுவில் 9, 10, 11 நொடி இரண்டுக்கும் பொதுவான பகுதி. அங்கே கோடு போட்டுப் பிரிக்க முயல்வதில் பயனில்லை.

இதில் கணக்கு எளிது, உறுதியானதும்கூட. ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் எவ்வளவு என்றால், நொடியின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்க வேண்டும். 6 நொடி அலையின் நீளம் 56 மீட்டர். 10 நொடிக்கு 156. 15 நொடிக்கு 351. அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம்வரை இறங்கும். ஆக 6 நொடி அலை 28 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஒன்றையும் உணராது. 15 நொடி அலை 175 மீட்டர் ஆழத்திலேயே கடலடியைத் தொடத் தொடங்கிவிடும். அடி தட்டியதும் அலை மெதுவாகும். பின்னால் வரும் ஆற்றல் நெருக்கி அடித்து உயரமாக எழும். நீண்ட அலைக்கு இந்த எழுச்சி அதிகம்.

உங்கள் இரண்டு நாட்களையும் இதில் வைத்துப் பார்க்கலாம். அலை சுமந்து வரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தையும் நொடியையும் பெருக்கிய அளவில் இருக்கும். 1.5 மீட்டர், 6 நொடிக்கு 1.5 × 1.5 × 6, அதாவது 13.5. 1 மீட்டர், 15 நொடிக்கு 1 × 1 × 15, அதாவது 15. சிறியது என்று நீங்கள் நினைத்த அலைதான் அதிக ஆற்றலோடு வந்திருக்கிறது. உடையும் உயரத்தைக் கடலோரப் பொறியியலில் புழங்கும் தோராயச் சூத்திரத்தில் போட்டால் முதலாவதுக்கு 1.7 மீட்டரும் இரண்டாவதுக்கு 1.8 மீட்டரும் கிடைக்கும். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். முதல் நாளின் ஆற்றல் நிமிடத்துக்குப் பத்து அலையாகத் துண்டுபட்டு, பல திசையில் சிதறி வந்தது. இரண்டாம் நாளின் ஆற்றல் நிமிடத்துக்கு நான்கு அலையில் திரண்டு, ஒரே திசையில், தடித்த முகப்போடு வந்தது. சூத்திரம் கடலடி சீராகச் சரிவதாகவும் அலை நேராக வருவதாகவும் வைத்துக்கொள்வதையும் மறக்க வேண்டாம். கடலடியின் வடிவம் அலையை ஓரிடத்தில் குவித்தால் அந்த 1.8 எளிதாகக் கூடும், சிதறடித்தால் குறையும்.

ஒரு சிறு எச்சரிக்கை. சில சேவைகள் ஆற்றல் அதிகமுள்ள அலைத்தொகுதியின் நொடியைத் தருகின்றன. சில எல்லா அலைகளின் சராசரி நொடியைத் தருகின்றன. இரண்டாவது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு செயலியில் 13, இன்னொன்றில் 9 என்று வந்தால் இருவரும் ஒரே கடலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒப்பிட வேண்டுமானால் ஒரே செயலியை அதன் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள்.

ஸ்வெல் எப்போது வந்து சேரும் என்பதையும் நொடியே சொல்லும். ஒரு தனி முகடு ஒரு நொடியில் ஓடும் தூரம் மீட்டரில் அதன் பீரியடைப்போல் 1.56 மடங்கு என்றாலும், அலைக்கூட்டமாக ஆற்றல் நகர்வது அதில் பாதி வேகத்தில்தான். 18 நொடி அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர். 12 நொடி அலைக்கூட்டம் மணிக்கு 34 கிலோமீட்டர். 4,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு புயல் என்றால் முதலாவது 80 மணி நேரத்தில் வரும், இரண்டாவது அதற்கும் 40 மணி நேரம் பின்னால். அதனால்தான் ஒரு புதிய ஸ்வெல் வரும்போது முதல் நாள் உயரம் கொஞ்சமாகவும் நொடி பெரிதாகவும் இருக்கும். மறுநாள் உயரம் கூடி நொடி இறங்கும். அதற்கடுத்த நாள் இரண்டும் தேயும். 0.5 மீட்டர், 19 நொடி என்ற வரியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று புறந்தள்ளாதீர்கள், அது முன்னோடி. 1963இல் மங்க் தன் குழுவினரோடு நியூசிலாந்து தொடங்கி அலாஸ்காவரை நிலையங்கள் அமைத்து, தென்கடல் புயல்களின் ஸ்வெல் பசிபிக்கைக் குறுக்கே கடந்து வருவதைப் பின்தொடர்ந்து அளந்தார். அத்தனை தொலைவிலும் வழியில் போன ஆற்றல் மிகச் சொற்பம் என்று அது காட்டியது.

செட் எனப்படும் பெரிய அலைகளின் வரிசையும் இங்கிருந்தே வருகிறது. கொஞ்சமே வேறுபட்ட நொடிகளைக் கொண்ட அலைகள் சேர்ந்து ஓடும்போது சில இடங்களில் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில இடங்களில் அழித்துக்கொள்ளும். 15 நொடியும் 16 நொடியும் கலந்தால் 240 நொடிக்கு ஒரு முறை, அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை உச்சம் வரும். நிஜக் கடலில் கலப்பு இன்னும் பலவகை என்பதால் இடைவெளி ஒழுங்காக இராது. ஏழாவது அலைதான் பெரிது என்பது உலகமெங்கும் புழங்கும் நம்பிக்கை. எண்ணிப் பார்த்தால் நிற்காது.

திசைக்கு வருவோம். வாடை, கொண்டல் என்று காற்றை அது வரும் திக்கை வைத்து அழைப்போம் அல்லவா, ஸ்வெல்லுக்கும் அதே வழக்கம்தான்: தென்மேற்கு ஸ்வெல் என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. நீரோட்டத்துக்கு மட்டும் மறுதலை. அது போகும் திசையால் அழைக்கப்படும். செயலியில் அம்புக்குறி எதைக் காட்டுகிறது என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இங்கே தலைகீழாகப் படித்து ஏமாறுபவர்கள் நிறைய. உங்கள் இடத்துக்கு எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம்வரை கடல் தடையில்லாமல் திறந்திருக்கிறது என்பதை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்கலாம். ஹவாயில் ஒவாஹு தீவின் வடகரை வட பசிபிக்கின் குளிர்காலப் புயல்களில் பொங்கும்போது தென்கரை குளம்போல் கிடக்கும். வட அரைக்கோளத்தின் கோடையில் தென்கடலிலிருந்து ஸ்வெல் வரும்போது நிலைமை மாறும். ஒரே தீவுதான். தெற்குக் கலிஃபோர்னியாவின் கரைகள் சிலவற்றை எதிரே உள்ள தீவுக்கூட்டம் மறைப்பதால், திசையில் பத்து டிகிரி மாறினாலே ஒரு கடற்கரையில் அலையும் பக்கத்துக் கடற்கரையில் வெறுமையும் இருக்கும்.

நொடி கூடக்கூட அலை வளையும் திறனும் கூடும். ஆழமான பக்கத்தில் வேகமாகவும் ஆழம் குறைந்த பக்கத்தில் மெதுவாகவும் ஓடுவதால் முகடு ஆழம் குறைந்த பக்கம் திரும்புகிறது. கடலடியில் முன்னால் நீண்டிருக்கும் மேடு லென்ஸ்போல் அலையைக் குவிக்கும். போர்ச்சுகலின் நசாரேயில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று ஏறக்குறைய கரைவரை வந்து முடிகிறது. பள்ளத்தின் மேல் வேகமாக வரும் பகுதியும் பக்கத்துத் திட்டின் மேல் மெதுவாக வரும் பகுதியும் ஒரே இடத்தில் சந்தித்து ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. 2020இல் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் அங்கே சறுக்கிய அலை 26.21 மீட்டர் என்று கின்னஸ் பதிவில் ஏறியது. வெளிக்கடலின் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்த உயரம் யாருக்கும் தோன்றியிருக்காது. உங்கள் இடத்தில் இது சிறிய அளவில் நடக்கிறதா என்பதை ஆழ வரைபடத்தில் தேடுங்கள்.

இதற்கு எதிரான ஒன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. நேராக நீளும் மணற்கரைக்கு நேர் எதிராக வரும் 16 நொடி ஸ்வெல் பெரும்பாலும் வீண். முகடு ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நொடியில் மடிந்து விழும். சறுக்கித் தப்பிக்கத் தோள், அதாவது இன்னும் உடையாத பக்கச் சரிவு, கிடைக்காது. அப்படிப்பட்ட கரைக்கு 8 முதல் 11 நொடி, கொஞ்சம் சாய்ந்த திசை, முடிந்தால் இரண்டு ஸ்வெல் குறுக்கிட்டுத் துண்டு துண்டாக முகடு எழும் நாள்தான் நல்லது. நொடி அதிகமானால் எப்போதும் சிறப்பு என்ற பேச்சு பாறைத்திட்டுக்கும் கடலுக்குள் நீளும் நிலமுனைக்கும் பொருந்தும், எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

ஓதத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் எண் போதும். அலை தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழமுள்ள நீரை எட்டும்போது உடையும். 1.5 மீட்டர் அலைக்கு 2 மீட்டர் நீர். கடலடி சரிவு அதிகமானால் இன்னும் ஆழம் குறைந்த இடம்வரை வந்து உடையும். ஓதம் அந்த ஆழக்கோட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, அவ்வளவுதான். 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கரையில் ஓதம் 2 மீட்டர் ஏறினால் உடையும் கோடு 100 மீட்டர் உள்ளே வரும். புதிதாக அது எந்த அடித்தரையின் மேல் வந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி. மெதுவாகச் சரியும் மணல் என்றால் அலை மேலிருந்து நுரைத்து வழியும். சட்டென்று உயரும் பாறை என்றால் முகடு முன்னால் பாய்ந்து குழாயாகும். 2024 ஒலிம்பிக்கின் சர்ஃபிங் நடந்த தஹிதியின் தியாஹுபோவில் ஆழ்நீர் மிகக் குறுகிய தூரத்தில் பவளத்திட்டாக மேலெழுவதால்தான் அலை அப்படித் தடித்து மடிகிறது.

இதிலிருந்து இடத்துக்கு இடம் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். வெளியே மணல்திட்டு, உள்ளே பள்ளம், பிறகு செங்குத்தான கரை என்று இருந்தால், நீர் முழுக்க வற்றியபோது அலை திட்டின் மேல் ஒரே வீச்சில் மடிந்து விழும். முழுக்க ஏறியபோது திட்டைத் தாண்டி உடையாமல் வந்து கரையோரத்தில் அறையும், திரும்பும் நீர் அடுத்த அலையைக் குலைக்கும். நடு ஏற்றம்தான் அங்கே சரியான பொழுது. பாறைத்திட்டில் வற்றத்தில் நீர் முழங்காலளவு ஆகி ஆபத்தாகும், ஏற்றத்தில் அலை தடித்துச் சோம்பிப் போகும். நீங்கள் சொன்ன ‘மூன்று மணி நேரத்தில் காணாமல் போனது’ அநேகமாக இதுதான். ஸ்வெல் அவ்வளவு விரைவில் தேயாது. காற்று கெடுத்திருந்தால் கரடுமுரடான அலையாவது மிஞ்சியிருக்கும். அலை உடைவதே நின்றுவிட்டது என்றால் ஓதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கு நீர் ஏறிக்கொண்டிருந்ததா என்று அட்டவணையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

அட்டவணையைப் படிக்கும்போது மூன்று விஷயம். முதலாவது, அதில் உள்ள உயரம் ஒரு குறிப்பு மட்டத்துக்கு மேல் உள்ள அளவு. உங்கள் காலடி ஆழத்தை அது காட்டாது. இரண்டாவது, நீர் ஒரே வேகத்தில் ஏறாது. ஏறுவதற்கு எடுக்கும் ஆறு மணி நேரச் சொச்சத்தைப் பன்னிரண்டு பங்கு கணக்கில் பிரிப்பார்கள்: மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 பங்கு. மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் என்றால் முதல் மணியில் 20 சென்டிமீட்டர், இரண்டாவதில் 40, மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, பிறகு 40, 20. நடு ஏற்றத்தில் மட்டும் வேலை செய்யும் இடம் ஏன் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கைவிட்டுப் போகிறது என்பது இதில் புரியும். மூன்றாவது, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இரண்டும் மிகும். இடையில் அரைநிலா நாட்களில் இரண்டும் சுருங்கும். நாளுக்கு நாள் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சில கரைகளில் நாளொன்றுக்கு ஒரே ஓர் ஏற்றம்தான். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர்வரை போகிற ஓதம் மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் சில பத்து சென்டிமீட்டரைத் தாண்டாது. அப்படிப்பட்ட இடத்தில் ஓதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. அட்டவணை நிலா, சூரியன் கணக்கு மட்டுமே. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் 1 சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கிப் பலமான காற்று வீசினால் இன்னும் உயரும்.

நீர் ஏறும்போது அலையும் கூடும் என்று பல இடங்களில் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. ஓதம் ஸ்வெல்லை உருவாக்குவதில்லை. ஆனால் வெளியே ஆழம் குறைந்த திட்டு இருந்தால், வற்றத்தில் அங்கேயே உடைந்து இழக்கும் ஆற்றல் ஏற்றத்தில் உள்ளேவரை வந்து சேரும். முகத்துவாரம், குறுகிய கால்வாய் போன்ற இடங்களில் ஓட்டம் அலைக்கு எதிராக ஓடும்போது அலை குறுகிச் செங்குத்தாகும். இப்படி ஏதும் இல்லாத திறந்த கரையில், ஏறும் நீருக்கும் இறங்கும் நீருக்கும் ஒரே மட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்கக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இருப்பதாகச் சாதிப்பவர்களோடு சண்டையிடவும் மாட்டேன். உங்கள் கரையில் பத்து நாள் குறித்துப் பார்த்தால் போதும்.

காற்று இந்த மூன்றில் எளிதாகப் புரிவது, கணிக்கக் கடினமானது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் ஆஃப்ஷோர் காற்று முகட்டை முன்னால் சாய விடாமல் தாங்குகிறது. அலை கொஞ்சம் தாமதமாக, ஆழம் குறைந்த இடத்தில், குழாய் வடிவில் உடைகிறது. கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் ஆன்ஷோர் முகட்டைத் தள்ளி முன்கூட்டியே உடைக்கிறது, முகப்பெல்லாம் சிறு அலைகளை ஏற்றுகிறது. 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர்வரை எந்தத் திசையானாலும் பொருட்படுத்த வேண்டாம். ஆன்ஷோர் 10 நாட் தாண்டும்போது வெள்ளை நுரைத் தலைகள் பரவலாகத் தெரியும், முகப்பு கெடும். ஆஃப்ஷோர் 15 நாட்வரை இனிமை. 20 தாண்டினால் போர்டு முகட்டிலேயே தூக்கி நிறுத்தப்படும், தூவானம் கண்ணில் அடிக்கும், அலையில் இறங்கவே முடியாது. பக்கவாட்டுக் காற்று நடுத்தரம். ஆனால் அது கிளப்பும் ஓட்டம் உங்களைக் கரையோரமாக இழுத்துக்கொண்டே போகும். ஆஃப்ஷோர் காற்று ஸ்வெல்லை அமுக்கிவிடும் என்ற பயம் 6 நொடி அலைக்கு ஓரளவு சரி, 15 நொடி அலைக்குச் சில கிலோமீட்டர் காற்றில் ஒன்றும் ஆகாது.

வெயில் உள்ள நாளில் நிலம் நீரைவிட விரைவாகச் சூடாவதால், முற்பகலில் தொடங்கும் கடற்காற்று பிற்பகலில் உச்சம் தொடும். இரவில் நிலம் குளிர்ந்து மெல்லிய நிலக்காற்று திரும்பும். விடியலில் போங்கள் என்று எல்லாரும் சொல்வதற்கு இதுதான் காரணம். உலகளாவிய வானிலை மாதிரிகளின் கட்டம் பத்து, இருபது கிலோமீட்டர் அகலம் கொண்டது. கரையோரக் குன்றும் பள்ளத்தாக்கும் அதற்குள் மறைந்துபோவதால் கடற்காற்றின் நேரத்தையும் பலத்தையும் அவை அடிக்கடி தவறவிடுகின்றன. அதனால் காற்றைப் பொறுத்தவரை முதல் நாள் மாலைக்கு முந்தைய கணிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்வெல் அப்படியில்லை. புயல் ஏற்கெனவே வீசி முடிந்து அலைகள் ஓடத் தொடங்கிவிட்டால் வேவ்வாட்ச் III போன்ற கணினி அலை மாதிரிகள் மூன்று, நான்கு நாள் முன்பே வருகை நேரத்தை நன்றாகச் சொல்கின்றன. இன்னும் உருவாகாத புயலை வைத்து எட்டாம் நாளுக்குக் காட்டும் 3 மீட்டர் வெறும் சாத்தியம். அதை நம்பி விடுப்பு போடாதீர்கள். ஓதத்தின் நேரம் ஆண்டுக்கணக்கில் முன்னதாகவே பிசகாமல் தெரியும். எந்தச் செயலியாலும் சொல்ல முடியாதது மணல்திட்டு. ஒரே பெரிய புயல் அதை இடம் மாற்றிவிடும், போன மாதம் பிரமாதமாக இருந்த இடம் இந்த மாதம் ஒன்றுக்கும் ஆகாமல் போகும்.

வேலைக்கான வரிசை இது. மூன்று நாள் முன்பு ஸ்வெல்லின் நொடியையும் திசையையும் பார்த்து, உங்கள் கரைக்கு அது வருமா என்று முடிவு செய்யுங்கள். வரும் என்றால் உயரத்தையும் நொடியையும் சேர்த்து அளவை ஊகியுங்கள். முதல் நாள் மாலை ஓத அட்டவணையில் உங்கள் இடத்துக்கு ஏற்ற மட்டம் எந்த மணிகளில் என்று குறியுங்கள். அந்த மணிகளுக்குள் காற்று எப்போது குறைவு அல்லது ஆஃப்ஷோர் என்று பாருங்கள். இரண்டும் ஒத்துவரும் நேரம் சில நாட்களில் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும், சில நாட்களில் இருக்கவே இருக்காது. கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தால் 0.5 முதல் 1 மீட்டர், 7 முதல் 10 நொடி, 8 நாட்டுக்குக் குறைந்த காற்று, மெதுவாகச் சரியும் மணலில் நடு ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 நொடி தாண்டினால் உயரம் எதுவானாலும் ஒரு படி எச்சரிக்கை. போய் வந்த பிறகு நொடி, திசை, உயரம், ஓத மட்டம், காற்று, உண்மையில் எப்படி இருந்தது என்று ஆறு வார்த்தை எழுதி வையுங்கள். முப்பது பதிவு சேர்ந்தால் உங்கள் கரைக்கு எந்தச் செயலியையும்விட அது நன்றாகப் பேசும்.

நீண்ட நொடியுள்ள நாட்களில் கடல் ஏமாற்றும் என்பதால் கடைசியாக ஒன்று. செட்டுகளுக்கு இடையே பத்து, பதினைந்து நிமிடம்கூட அமைதி நிலவலாம். அந்த இடைவெளியில் வந்து பார்ப்பவருக்குக் கடல் தட்டையாகத் தெரியும். செட் கரையில் கொட்டும் நீர் மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள வாய்க்கால் வழியாக ரிப் ஓட்டமாக வெளியே பாயும். நீர் வற்றும்போது வாய்க்கால் குறுகி ஓட்டம் வலுக்கும். நொடிக்கு 2 மீட்டர்வரை போனால் எந்த நீச்சல்காரராலும் நீண்ட நேரம் எதிர்த்து நீந்த முடியாது. அதில் மாட்டினால் போர்டை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை உடையும் இடத்துக்கு வந்த பிறகே கரையை நோக்கித் திரும்புங்கள். 12 நொடிக்கு மேல் என்று இருக்கும் நாளில் குறைந்தது இருபது நிமிடம் கரையில் நின்று இரண்டு செட்டாவது முழுக்க வந்துபோவதைப் பாருங்கள். எங்கே அலை உடையாமல் நீர் கலங்கி வெளியே ஓடுகிறது என்று தெரிந்த பிறகு காலை நனைக்கலாம்.